இருவர் ஆடும் ஆட்டம்



சென்ற ஆடி மாதத்தின் ஒரு மாலை. ஆடியில் பல்லடத்துக் காற்று எப்படி வீசும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுப் பங்குக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வேளையில் தகப்பன், தாய், மகன் என மூவர் நம் இல்லத்து வாசலில் வந்து நின்றனர். அவர்களின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. பல்லடத்தைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய செய்திதான் அது.

தகப்பனுக்கு நான்கு விசைத்தறிகள் உண்டு. கூலிக்கு நெசவு. பாவும் நூலும் பிறர் தருவது; மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் இவருடையது. மகன் மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவன். தாயும் தறி பார்ப்பவர்தாம். மூவரும் அமர்ந்தனர். தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பாராதபடி அமர்ந்ததை நாம் கவனித்தோம்.

தகப்பன் பேசலானார்: "சாமி, பள்ளிக்கூடம் தொறந்தப்போ பூசையில சொன்னீங்களே, பிள்ளைங்க கையில இருந்து போனைப் பிடுங்கி வெச்சாலும் தப்பில்லீன்னு. நான் பிடுங்கினேனுங்க. அவன் விடலீங்க. வந்த கோவத்துல தறி மேல அடிச்சு ஒடைச்சுப் போட்டேனுங்க. இன்னைக்கு முப்பத்தெட்டு நாளாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க."

தாய் சொன்னார்: "சோறு போட்டா திங்கறானுங்க. பள்ளிக்கூடம் போறானுங்க. அப்பான்னு மட்டும் வாயில வர்றதில்லீங்க சாமி."

உடைந்த கைப்பேசிக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி என்பதையும் தகப்பன் சொன்னார். இல்லாத பொருளுக்கு மாதந்தோறும் பணம் கட்டும் வேதனை அவர் குரலில் இருந்தது. ஆயினும் அதைக் காட்டிலும் பெரிய பாக்கி அந்த முப்பத்தெட்டு நாள் மௌனம் என்பது நமக்கு விளங்கிற்று. அந்தப் பாக்கியில் நமக்கும் பங்குண்டு என்பது அதனினும் தெளிவாக விளங்கிற்று. பீடத்திலிருந்து பேசுவது எளிது. பேசிய சொல் எந்த வீட்டில், எந்தக் கையில், எவ்வளவு வேகத்தோடு போய் விழும் என்பதை யார் அறிவார்?

பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகனோடு தனியே பேசினோம். வெகு நேரம் அவன் வாய் திறக்கவில்லை. முடிவில் ஒரு கேள்வி கேட்டான்: "சாமி, நீங்க சின்ன வயசுல இந்த மாதிரி எதுவுமே ஆடுனது இல்லீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

1987-ஆம் ஆண்டு அது. அப்போது நாம் உயர்நிலைப் பள்ளி மாணவன். நம் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் இரண்டே. அவற்றுள் ஒரு வீட்டாரின் உறவினர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, சிறிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு திருகுகள், ஓர் ஒயர், நான்கைந்து பொத்தான்கள், அவ்வளவே. அதைக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் இணைத்தால், திரையின் இரு ஓரங்களிலும் இரண்டு வெள்ளைக் கோடுகள் தோன்றும். நடுவே ஒரு புள்ளி இங்கும் அங்கும் ஓடும். கோடுகள்தாம் மட்டைகள், புள்ளிதான் பந்து. 'டென்னிஸ்' என்றார் அவர். உலகம் அந்தப் பெட்டியை மறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன என்பது அன்று நமக்குத் தெரியாது.

டென்னிஸ் என்பது அந்நாளில் நாம் செய்தித்தாளில் மட்டுமே கண்ட ஆட்டம். அதே 1987-இல் இந்திய அணி டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டி வரை சென்றது. அதில் ஆடிய விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் ஆகிய மூவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள். ரமேஷின் தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குச் சென்றவர். எனினும் நம் ஊரில் மட்டையைக் கையால் தொட்டவர் யாருமிலர். ஆகவே, அந்தத் திருகைப் பிடித்த அன்று நாங்கள் அனைவரும் விஜய் அமிர்தராஜ் ஆனோம்.

ஓர் இரவு நம் தகப்பனார் நம்மைத் தேடி அந்த வீட்டுக்கு வந்தார். அவரும் தறிக்காரர்தாம். அதிகம் பேசாதவர். அடிக்கப் போகிறார் என்று அஞ்சி எழுந்தோம். வீட்டுக்காரர் அவரை உட்காரவைத்து, மற்றொரு திருகைக் கையில் கொடுத்துவிட்டார். நம் தகப்பனார் திருகினார், பந்து தவறிற்று. மீண்டும் திருகினார், மீண்டும் தவறிற்று. மூன்றாம் முறை பந்தை அடித்துவிட்டார். அடித்துவிட்டு உரக்கச் சிரித்தார். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சிரிப்பு இன்னும் நம் காதில் இருக்கிறது.

இதை அந்தப் பிள்ளையிடம் சொன்னோம். அவன் நிமிர்ந்து பார்த்தான். "அந்த ஆட்டம் பேரு பாங்தானுங்களே சாமி? எங்க கம்ப்யூட்டர் சார் சொல்லியிருக்கார்" என்றான். அன்றிரவு நாம் அந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்; நம் வீடுகளுக்கு அதில் செய்தி இருக்கிறது.

வரலாறு 1958-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே பணியாற்றிய வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லாஸ் அலமாஸில் அணுகுண்டுக்கான மின்னணுக் கருவிகளை உருவாக்கியவர்களுள் ஒருவர். போர் முடிந்தபின், அணு ஆயுதம் பரவுதலைத் தடுப்பதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அதற்கென அறிவியலார் நிறுவிய அமெரிக்க அறிவியலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவரும் அவரே.

ஆண்டுக்கொரு முறை பொதுமக்கள் அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வருவது வழக்கம். வருவோர் கருவிகளையும் படங்களையும் பார்த்துச் சலித்துப் போவதை ஹிகின்பாதம் கண்டார். அங்கிருந்த கணிப்பொறியின் கையேட்டில், துப்பாக்கிக் குண்டு, ஏவுகணை, துள்ளும் பந்து ஆகியவற்றின் பாதையைத் திரையில் வரைந்து காட்டும் முறை சொல்லப்பட்டிருந்தது. குண்டின் பாதைக்கும் பந்தின் பாதைக்கும் கணக்கு ஒன்றே. ஹிகின்பாதம் பந்தைத் தேர்ந்தெடுத்தார். அலைகாட்டி எனப்படும் கருவியின் ஐந்து அங்குல வட்டத் திரையில், வலை ஒன்றும் அதன்மேல் தாண்டிச் செல்லும் பந்தும் தோன்றும்படி செய்தார். ஆளுக்கொரு திருகு, ஆளுக்கொரு பொத்தான். அக்டோபர் மாதத்தில் அதைக் காண மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். மறு ஆண்டும் அதை வைத்தார், பின்னர் கழற்றிவிட்டார். காப்புரிமை எதையும் அவர் கோரவில்லை. குண்டுக்கு உழைத்த கைகள், வந்தவர் மகிழட்டும் என்று ஒரு பந்தைச் செய்தன. அதற்கு இருவர் டென்னிஸ் என்பது பெயர்.

அடுத்தவர் ரால்ஃப் பேர். 1922-இல் செருமனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர் என்னும் காரணத்தால் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர். 1938-இல் அக்குடும்பம் உயிர் தப்பி அமெரிக்கா சேர்ந்தது. அங்கே தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே, அஞ்சல் வழியில் வானொலி பழுதுபார்க்கும் கல்வியைக் கற்றார். பிற்காலத்தில் பாதுகாப்புத் துறைக்குக் கருவி செய்யும் சாண்டர்ஸ் என்னும் நிறுவனத்தில் பொறியாளரானார். 1966-இல் நியூயார்க்கில் ஒரு பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது, அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது; மக்கள் அதன்முன் சும்மா அமர்ந்து பார்க்கின்றனர். அவர்கள் அதனோடு விளையாடினால் என்ன? மறுநாளே அதை நான்கு தாள்களில் எழுதிவைத்தார். பில் ஹாரிசன், பில் ரஷ் என்னும் இருவருடன் சேர்ந்து உழைத்து, பிங்-பாங் போன்ற ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் ஓடச் செய்தார். அதுவே மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் வழியாக 1972-இல் ஒடிசி என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவதற்கு விற்கப்பட்ட முதற் கருவி அதுவே.

அந்த ஒடிசியில் ஓசை இல்லை, வண்ணம் இல்லை. ஆடுகளத்தைக் காட்ட, வண்ணம் அச்சிட்ட கண்ணாடி போன்ற தாளைத் திரையின்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: மதிப்பெண்ணை அந்தக் கருவி எண்ணாது. யார் எத்தனை முறை தவறவிட்டார் என்பதை ஆடுகின்ற இருவருமே குறித்துக்கொள்ள வேண்டும். அதாவது, எதிரில் இருப்பவரின் நேர்மையை நம்பித்தான் அந்த ஆட்டம் நடந்தது. இதைப் படித்தபோது சற்று நேரம் ஏட்டை மூடிவைத்துவிட்டோம்.

நிற்க. அதே 1972-இன் மே மாதத்தில் கலிபோர்னியாவில் ஒடிசியைக் காட்சிக்கு வைத்தபோது, அதைப் பார்த்துப் போனவர் நோலன் புஷ்னெல். அடுத்த மாதமே அவரும் டெட் டாப்னியும் அட்டாரி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆலன் ஆல்கார்ன் என்னும் இளம் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குப் பயிற்சியாக ஓர் எளிய பணியைக் கொடுக்க எண்ணிய புஷ்னெல், பந்தாட்டம் ஒன்றைச் செய்யச் சொன்னார். பெரிய நிறுவனம் ஒன்று இதற்கு ஒப்பந்தம் தந்திருக்கிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னார். ஒப்பந்தம் ஏதுமில்லை. ஆனால் ஆல்கார்ன் மெய்யாகவே உழைத்தார்.

மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். நடுவில் பட்டால் பந்து நேரே செல்லும். ஓரத்தில் பட்டால் சாய்ந்து செல்லும். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடும்படி செய்தார். ஓசைக்கென்று தனிக் கருவி வைக்கவில்லை. தொலைக்காட்சிச் சுற்றில் ஏற்கெனவே இருந்த அதிர்வையே எடுத்து, பந்து படும் ஒலியாக்கினார். சுற்றில் இருந்த குறையால் மட்டைகள் திரையின் மேல்விளிம்பு வரை செல்ல மறுத்தன. அதைத் திருத்தாமலே விட்டுவிட்டார். மட்டை எங்கும் எட்டுமானால் வல்லவர் இருவரின் ஆட்டம் முடிவுறாது என்று கண்டார். குறைதான் அந்த ஆட்டத்துக்கு உயிரூட்டியது.

அக்கருவியில் கணினி நிரல் ஏதும் கிடையாது, மின்சுற்றுகள் மட்டுமே. அது வேலை செய்யும் விதத்தைத் தறிக்காரர் எவரும் எளிதில் புரிந்துகொள்வர். தறியில் ஊடை நூல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து துணியாகிறதல்லவா? அந்நாளைய தொலைக்காட்சிப் படமும் அவ்வாறே மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையப்பட்டது. எந்தக் கோட்டில், எந்தக் கணத்தில் வெளிச்சம் எழ வேண்டும் என்று மின்சுற்று கட்டளையிட்டால், அந்த இடத்தில் வெண்புள்ளி தோன்றும். கட்டளையின் நேரம் சிறிது மாறினால் புள்ளி நகரும். பந்து என்று நாம் கண்டது பொருளன்று. சரியான நேரத்தில் எழுந்த வெளிச்சம்.

பாங் என்று பெயரிடப்பட்ட முதற் பெட்டியை, சன்னிவேல் நகரில் ஆண்டி காப்ஸ் என்னும் மதுக்கடை ஒன்றில் வைத்தனர். சில நாள்களில் பெட்டி வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தது. ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தார். இயந்திரத்தில் பழுதில்லை, காசுகள் நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தன! 1972 நவம்பரில் பாங் முறைப்படி விற்பனைக்கு வந்தது. பெட்டியின்மேல் எழுதியிருந்த விதிகள் மிகச் சில. காசு போட வேண்டும். பந்து தானே வரும். அதைத் தவறவிடாதிருந்தால் மதிப்பெண் மிகும். வேறு பாடம் தேவைப்படவில்லை.

பேரின் காப்புரிமையை வைத்து மேக்னவாக்ஸ் 1974-இல் வழக்குத் தொடுத்தது. 1976-இல் அட்டாரி உரிமக் கட்டணம் செலுத்த இசைந்து சமாதானம் செய்துகொண்டது. இதற்கிடையே மதுக்கடையிலிருந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவர அட்டாரி முயன்றது. முன்பு பல சில்லுகளில் பரவிக் கிடந்த சுற்றையெல்லாம் ஒரே சில்லில் அடக்கினர். 1975 கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி, சியர்ஸ் என்னும் பெருங்கடைக்காக 1,50,000 பெட்டிகள் செய்யப்பட்டன. 1976-இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்னும் நிறுவனம், இத்தகைய ஆட்டங்கள் பலவற்றை ஒன்றாக உள்ளடக்கிய சில்லு ஒன்றை விற்கத் தொடங்கிற்று. அதை வாங்கி, ஒரு பெட்டியும் இரண்டு திருகுகளும் சேர்த்தால் எவரும் வீட்டு டென்னிஸ் விற்கலாம் என்றாயிற்று. கொலிகோ வந்தது, சப்பானில் 1889 முதல் சீட்டுக்கட்டு செய்துவந்த நின்டெண்டோவும் 1977-இல் வந்தது. சந்தையில் பெட்டிகள் மலிந்தன. வாங்குவோரினும் விற்போர் பெருகியதால், அவ்வாண்டே பலர் இழந்த விலைக்குத் தள்ளிவிட்டனர். உற்பத்தி மிகுந்தால் விலை விழும் என்பதைக் கறிக்கோழிப் பண்ணை வைத்துள்ள நம் பல்லடத்தாருக்கு விளக்க வேண்டுமோ? அப்படித் தள்ளப்பட்ட வகையைச் சேர்ந்த பெட்டிதான், கடல் கடந்து பத்தாண்டுகள் கழித்து நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

அன்பார்ந்தவர்களே, அந்தப் பழைய ஆட்டத்தைப் புகழ்வது நம் நோக்கமன்று. அதுவும் காசுக்காகச் செய்யப்பட்டதே. ஒரு பொய்யோடு தொடங்கி, மதுக்கடையில் வளர்ந்ததே. அந்நாளிலும் தாய்மார் பிள்ளைகளைத் திட்டியிருப்பார்கள். ஆயினும் அதன் அமைப்பில் மூன்று செய்திகளைக் கண்டோம்.

முதலாவது, அது தனியே ஆட இயலாதது. 1958-இன் ஆட்டமும், பேரின் ஆட்டமும், முதற் பாங்கும் இருவருக்கென்றே செய்யப்பட்டவை. எதிரே ஒருவர் வந்து அமராவிட்டால் பந்து ஓடிப் பயனில்லை. தோற்பவரின் முகமும் வெல்பவரின் முகமும் ஒருவருக்கொருவர் ஒரு முழத் தொலைவில் இருந்தன.

இரண்டாவது, அதற்கு ஒரு முடிவு இருந்தது. பதினொரு புள்ளி எடுத்தால் ஆட்டம் நின்றது. எழுந்து போகலாம். இன்று கைப்பேசியில் உள்ள ஆட்டங்கள் பலவற்றில் முடிவு என்பதே இல்லை. ஒரு படி ஏறினால் மறுபடி காத்திருக்கிறது. எழுந்து போகும் வாயிலை அடைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்து "ஏன் எழுந்திருக்கவில்லை" என்று கேட்கிறோம்.

மூன்றாவது, காசின் அளவு கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டி நிரம்பினால் ஆட்டமே நின்றுபோயிற்று! இன்றைய பணத்துக்கோ ஓசையுமில்லை, நிரம்பி வழிதலுமில்லை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது நற்செய்தியே. எனினும் சட்டம் வீட்டு வாசல் வரைதான் வரும். உள்ளே வந்து பிள்ளையின் அருகில் அமராது.

சில நாள் கழித்து அந்தப் பிள்ளையை மீண்டும் கண்டபோது இவற்றையெல்லாம் சொன்னோம். அப்போதுதான் அவனும் மனம் திறந்தான். "சாமி, அந்த ஆட்டத்துல எங்கூட நாலு பேர் ஆடுவாங்க. எந்த ஊருன்னுகூடத் தெரியாது. ஆனா அவங்கதான் எங்கிட்ட 'சாப்பிட்டியா'ன்னு கேப்பாங்க. வீட்டுல தறிச் சத்தத்துல யாரும் யார்கிட்டயும் பேச முடியாதுங்க" என்றான்.

இதைக் கேட்டு நாம் மறுமொழி கூறவில்லை. தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்பதை அவனும் அறிவான். பன்னிரண்டு மணி நேரம் நான்கு தறிகளுக்கிடையே நின்றவர், வீட்டுக்குள் வந்தால் படுக்கையைத்தான் தேடுவார். இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஆனால், அந்தப் பிள்ளை தேடியது ஆட்டத்தையன்று, எதிரே ஒருவரை என்பது அன்று நமக்குத் தெளிவாயிற்று. நாம் பீடத்திலிருந்து பிடுங்கச் சொன்னது கைப்பேசியை. பிடுங்கப்பட்டதோ அந்த நால்வரை. அவர்களின் இடத்தில் யாரை வைப்பது என்று நாம் சொல்லவில்லை.

ஆவணி பிறந்து சில நாள்களான பின், ஒரு ஞாயிறன்று பூசை முடிந்ததும் தகப்பன் நம்மிடம் வந்தார். நடந்ததை அவர் வாயாலேயே சொன்னார். அவருடைய மூத்த மகள் மணமாகி அவிநாசியில் இருக்கிறாள். அவள் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தது. மின்கலம் செத்துப் போனது. ஒயரைச் செருகினால் மட்டும் ஓடும். மகன் அதைத் துடைத்து எடுத்து, பள்ளியில் கற்றதை வைத்து, பத்து நாளாக இரவில் ஏதோ செய்துகொண்டிருந்தான். ஒரு நாள் இரவு மின்தடையால் தறிகள் நின்றிருந்தன. மின்சாரம் திரும்பியபின் தகப்பன் உடனே தறியைப் போடாமல் திண்ணையில் அமர்ந்திருந்தார். மகன் மடிக்கணினியோடு வந்து நின்றான். தாய் சமையலில் இருந்தார், வேறு யாருமில்லை.

"அப்பா, இதை ஆட ரெண்டு பேர் வேணும்" என்றானாம்.

திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், ஒரு புள்ளி. ஒரு பக்கத்து விசை மகனுக்கு, மறுபக்கத்து விசை தகப்பனுக்கு. தகப்பன் முதலில் தவறவிட்டார், பலமுறை தவறவிட்டார். "அப்பா, பந்து வந்தப்புறம் போகக் கூடாது. வர்ற எடத்துக்கு முன்னாடியே போய் நிக்கோணும்" என்று மகன் கற்றுக்கொடுத்தான். "தறி நாடா மாதிரியேதான் போகுது கண்ணு" என்று இவர் சொன்னார். பாவு அறுந்தால் நொடியில் முடிச்சுப் போடும் விரல்கள் அல்லவா! இரண்டாம் ஆட்டத்தில் எட்டுப் புள்ளி எடுத்துவிட்டாராம். மகன் சிரித்தானாம்.

"ஏனுங்க சாமி, நான் தோத்ததுக்கு அவன் சிரிச்சான் பாருங்க, அதுக்கு எத்தனை தவணை வேணும்னாலும் கட்டலாமுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. அடுத்த வாரமே மகன் புதுக் கைப்பேசி கேட்டிருக்கிறான், தகப்பன் மறுத்திருக்கிறார், மீண்டும் இரண்டு நாள் மௌனம். ஆனால் மூன்றாம் நாள் பேசிவிட்டார்கள். முப்பத்தெட்டு நாள் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. தறியில் பாவு அறுபடாத நாள் எது? அறுந்தவுடன் தறியை நிறுத்தி முடிச்சுப் போடத் தெரிந்தால் துணி நிற்கும்.

ஆகவே, பள்ளி திறந்தபோது நாம் கூறியதைத் திருத்திக்கொள்ள இப்பக்கத்தைப் பயன்படுத்துகிறோம். கைப்பேசிக்கு நேரம் வகுக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றமில்லை. இரவில் அது பிள்ளையின் படுக்கைக்குப் போகலாகாது என்பதிலும், பணம் கட்டி ஆடும் ஆட்டம் வீட்டுக்குள் நுழையலாகாது என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் பிடுங்குமுன் ஒரு முறை அருகே அமர்ந்து, "இது என்ன ஆட்டம் கண்ணு, எனக்கும் கற்றுக்கொடு" என்று கேளுங்கள். தெரியாதே என்று தயங்க வேண்டாம். தெரியாததே நல்லது; பிள்ளை ஆசிரியன் ஆவான், நீங்கள் மாணவர் ஆவீர்கள். தோற்றுப்போங்கள். நாள்தோறும் வேண்டாம், தறி நிற்கும் நாளில் கால் மணி நேரம் போதும். அவனோடு ஆடுவோரின் பெயர் என்ன என்று கேளுங்கள். அவன் சாப்பிட்டானா என்பதை அவர்களுக்கு முன்னே நீங்கள் கேளுங்கள்.

ஹிகின்பாதம் 1994-இல் மறைந்தார். ரால்ஃப் பேர் 2006-இல் அமெரிக்க நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்று, 2014-இல் தம் 92-ஆம் வயதில் மறைந்தார். அவர்கள் செய்த பெட்டிகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். ஆனால் எதிரே ஒருவர் வேண்டும் என்னும் அந்த முதல் விதி மட்டும் பழமையாகவில்லை.

கடந்த வாரம் அந்த வீட்டுக்குச் சென்றிருந்தோம். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, பேச்சு காதில் விழவில்லை. தகப்பன் தறியருகே நின்றவாறே, திண்ணையில் படித்துக்கொண்டிருந்த மகனை நோக்கி இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார். மகன் தலையசைத்துவிட்டு மூன்று விரல்களைக் காட்டினான். என்னவென்று தாயைக் கேட்டோம்.

"ராத்திரி எத்தனை ஆட்டம்னு பேசிக்கறாங்க சாமி" என்றார்.